முக்குகிறது, குட்டி வரவில்லை: சின்ன நாய்க்கும் பூனைக்கும் பிரசவம் சிக்கலானால்

ராத்திரி ஒரு மணிக்கு மேல் என் போன் அடித்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான். “அக்கா, சாயங்காலத்துலேர்ந்து முக்குது, இன்னும் ஒண்ணும் வரல.” நான் முதலில் கேட்பது, “முதல் முக்கல் எத்தனை மணிக்கு?” அநேகம் பேருக்கு இதற்குப் பதில் தெரியாது. டாக்டரும் இதைத்தான் முதலில் கேட்பார். காத்திருக்கலாமா, கிளம்ப வேண்டுமா என்பதை அந்த ஒரு பதிலை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

நான் டாக்டர் இல்லை. வியாசர்பாடியில் 18 வருடமாகப் பாமரேனியனும் ஷிட்சுவும் வளர்க்கிறேன், பெர்சியன் பூனைகளும் உண்டு. எங்கள் வீட்டிலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் திரும்பத் திரும்ப வந்த சிக்கல்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். இன்னும் நாள் இருக்கிறது என்றால் மேலிருந்து படியுங்கள்.

## இன்னும் நாள் இருக்கிறது என்றால்

மேட்டிங் ஆன தேதியிலிருந்து 55 நாள் கழிந்ததும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அதற்குள் குட்டிகளின் எலும்பு படத்தில் தெளிவாக விழும். மண்டையையும் முதுகெலும்பையும் வைத்து எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரியும், ஆனால் எண்ணிக்கைக்கு எக்ஸ்ரேதான் நம்பகம். நான்கு குட்டி என்று தெரிந்த வீட்டில் மூன்றோடு நின்றால் உடனே புரிந்துவிடும். தெரியாத வீட்டில் நாலாவது உள்ளேயே செத்து, தாய்க்குக் காய்ச்சல் வந்த பிறகுதான் தெரியும்.

அன்றைக்கே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்: ராத்திரி கூப்பிட்டால் போன் எடுப்பாரா, அங்கே ஆபரேஷன் செய்ய ஆளும் வசதியும் உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார். சென்னையில் இருக்கும் நமக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903இல் தொடங்கிய கல்லூரி அது. நாய்க்கும் பூனைக்கும் அங்கே ஆபரேஷன் செய்கிறார்கள், தனியார் இடங்களைவிடச் செலவு மிகவும் குறைவு. ஆனால் ராத்திரியில் எந்த வாசல், எந்தப் பிரிவு என்று அப்போது போய்த் தேடாதீர்கள். பகலில் ஒருமுறை நேரில் போய்க் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

வண்டியும் அப்படித்தான். செயலியில் கூப்பிடும் ஆட்டோக்காரர் நாயைப் பார்த்ததும் போய்விட்டால் அரை மணி நேரம் வீண். தெரிந்த ஆட்டோ அண்ணன் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிடும், பெரம்பூர் பக்கம் சுற்றித்தான் போக வேண்டும். உங்கள் பக்கம் எந்த ரோடு மூழ்கும் என்பது உங்களுக்குத் தெரியும், இன்னொரு வழியையும் யோசித்து வையுங்கள்.

ஒரு டப்பாவில் இவை இருக்கட்டும்: தெர்மாமீட்டர், வெளுத்த பழைய வேட்டித் துண்டுகள், நூல், கொதிக்கவைத்த கத்தரி, பீட்டாடின், கையுறை, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் வழுவழுப்பு ஜெல், குழந்தைகளுக்கு மூக்கு உறிஞ்சும் ரப்பர் பல்ப், சமையலறை எடைத் தராசு. கூடவே ஒரு பேனாவும், தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் நான்கைந்தும். அந்தத் தாளின் பின்பக்கம்தான் நான் எல்லாவற்றையும் எழுதுவேன்: முதல் முக்கல் 11.40, தண்ணிக்குடம் 11.55, முதல் குட்டி 12.10, நஞ்சு (நஞ்சுக்கொடி) வந்தது. டாக்டர் கையில் அந்தத் தாளைக் கொடுத்தால் போதும், வேறு கதை சொல்ல வேண்டியதில்லை.

## நாள் தாண்டிவிட்டது, வலியே இல்லை

முதலில் தேதியைச் சரிபாருங்கள். நாய்க்குக் கருமுட்டை வெளிவந்த நாளிலிருந்து 63 நாள் கணக்கு. மேட்டிங் அதற்குச் சில நாள் முன்னாலும் நடந்திருக்கலாம், பின்னாலும் நடந்திருக்கலாம். அதனால் மேட்டிங் தேதியிலிருந்து 58 முதல் 68 நாள் வரை போவது சாதாரணம். பூனைக்குப் பெரும்பாலும் 63 முதல் 67 நாள். இரண்டு மூன்று தடவை சேர்த்திருந்தால் முதல் தேதி, கடைசித் தேதி இரண்டையும் எழுதுங்கள். பல வீட்டில் ‘நாள் தாண்டியது’ என்பதே கணக்குப் பிழைதான்.

தேதி சரி என்றால் அடுத்தது வெப்பம். 58ஆம் நாளிலிருந்து காலை, மாலை இரண்டு வேளையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். நாயின் வழக்கமான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 99க்குக் கீழே இறங்கினால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் பிரசவம். இறங்கி 24 மணி நேரம் ஆகியும் வலி தொடங்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். பூனைக்கு இந்தக் கணக்கை அவ்வளவாக நம்ப முடியாது, அதன் போக்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வெப்பமும் இறங்கவில்லை, கடைசி மேட்டிங்கிலிருந்து 65 நாள் ஆகிவிட்டது என்றால் ஒரு ஸ்கேன். குட்டியின் இதயம் நிமிடத்துக்கு 200க்கு மேல் அடித்தால் தெம்பாக இருக்கிறது. 180க்குக் கீழே என்றால் திணறுகிறது, 150க்குக் கீழே என்றால் அன்றைக்கே ஆபரேஷன் பேச்சு வந்துவிடும்.

ஒற்றைக் குட்டி என்று எக்ஸ்ரேயில் தெரிந்தால் இந்தத் தலைப்பை இரண்டு முறை படியுங்கள். ஒரே குட்டி இருக்கும்போது பல சமயம் வலி தானாகக் கிளம்பாது, குட்டியும் பெரிதாக வளர்ந்துவிடும். நிறையக் குட்டி இருந்து வயிறு மிஞ்சி விரிந்தாலும், தாய் குண்டாக இருந்தாலும், வயதாகியிருந்தாலும் வலி வராமல் போகும்.

## மூச்சிரைக்கிறது, வலியா வெயிலா தெரியவில்லை

சித்திரை, வைகாசியில் இந்தக் கேள்வி நிறைய வரும். முதல் கட்ட வலியில் நாய் இரைக்கும், நடுங்கும், துணியைக் கிளறிப் படுக்கை போடும், சாப்பாட்டை ஒதுக்கும், சில நாய் வாந்தி எடுக்கும். இது 6 முதல் 12 மணி நேரம், தலைப்பிரசவத்தில் 24 மணி நேரம் வரைகூட இருக்கலாம். இதில் முக்கல் இருக்காது.

வெப்பம் பாருங்கள். 99க்குப் பக்கத்தில் இருந்தால் வலிதான், தொந்தரவு செய்யாமல் விடுங்கள். 103க்கு மேல் என்றால் சூடு ஏறுகிறது. அறையைக் குளிர்ச்சியாக்குங்கள், பாதத்தையும் தொடை இடுக்கையும் ஈரத்துணியால் துடையுங்கள். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்கள் சூட்டில் சீக்கிரம் மடங்கிவிடும். 104 தாண்டினால் பிரசவத்தை மறந்துவிட்டு அந்தச் சூட்டுக்காகவே கிளம்புங்கள்.

பூனை முதல் கட்டத்தில் குரல் கொடுத்துக்கொண்டே பின்னால் வரும், இல்லாவிட்டால் பீரோ இடுக்கில் போய் ஒளியும். இரண்டுமே சரிதான்.

## முக்குகிறது, குட்டி வரவில்லை

இதுதான் உயிர் போகிற தலைப்பு.

முக்கல் என்றால் எது என்று முதலில் தெரிய வேண்டும். வயிறு கல்லாக இறுகும், முதுகு வளையும், வால் அடிப்பக்கத்திலிருந்து தூக்கும், மலம் கழிக்க முயல்வதுபோல முழு உடம்பும் பின்னால் தள்ளும். வயிற்றில் கை வைத்தால் அந்த அலை உங்கள் உள்ளங்கையில் தெரியும். அப்படி முதல் தடவை வந்ததும் மணியை எழுதுங்கள்.

பலமான, விடாத முக்கல் 30 நிமிடம், குட்டி வரவில்லை: கிளம்புங்கள். தண்ணிக்குடம் பிறப்பு வாசலில் பலூன் மாதிரித் தெரிந்து 15 நிமிடம் ஆகியும் குட்டி வரவில்லை: கிளம்புங்கள். விட்டு விட்டு லேசாக முக்குகிறது, இடையில் படுத்துக்கொள்கிறது என்றால் 2 மணி நேரம் வரை பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். தாய் துவண்டு படுத்துவிட்டால், முக்கும்போது வலியில் கத்தினால், கடிக்க வந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, உடனே போக வேண்டும்.

அந்த 30 நிமிடத்துக்குள் நீங்கள் செய்யக்கூடிய சுலபமான வேலை சில உண்டு. ஆட்களை வெளியே அனுப்புங்கள். தாய்க்குப் பழகிய ஒருவர் மட்டும் இருந்தால் போதும். சிறுநீர் கழிக்க ஐந்து நிமிடம் கயிறு கட்டி நடத்துங்கள், நடந்ததிலேயே குட்டி இறங்கிய நாய்கள் உண்டு. கையில் டார்ச்சும் துண்டும் இருக்கட்டும், மாடிப்படியில் குட்டி போட்ட நாயும் எனக்குத் தெரியும். பின்பக்கம் முடி அடர்ந்து ஒட்டியிருந்தால் கத்தரித்து விடுங்கள். ஜெல்லை வாசலில் தடவுங்கள். விரலை உள்ளே விட்டுத் தேடுவது டாக்டர் வேலை. ஆபரேஷன் ஆகலாம் என்ற சந்தேகம் வந்ததும் சாப்பாடு கொடுப்பதை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் கொஞ்சம் நக்கட்டும்.

இவ்வளவும் செய்தும் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. குட்டி குறுக்கே கிடக்கலாம், தலை மடங்கியிருக்கலாம், வழிக்கு மிஞ்சிப் பெரிதாக இருக்கலாம். அல்லது கர்ப்பப்பை களைத்துவிட்டிருக்கும். எது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. டாக்டர் விரலால் பார்த்து, எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துச் சொல்வார். வழி திறந்திருந்து பலம் மட்டும் குறைவு என்றால் கால்சியம், சிறிய அளவில் ஆக்ஸிடோசின் என்று போவார். அடைப்பு என்றால் ஆபரேஷன்தான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் யாரையும் வைத்து, வலி வரவைக்கும் ஊசி போடாதீர்கள்.

2011 மே மாதம் எங்கள் மின்னிக்குத் தலைப்பிரசவம். பாமரேனியன், இரண்டே முக்கால் கிலோ. எக்ஸ்ரே எடுக்கவில்லை. ராத்திரி பத்தரைக்கு முக்க ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். ‘நினைக்கிறேன்’ என்றுதான் இன்றைக்கும் சொல்ல முடியும், எழுதி வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, “பொறு கண்ணு, தானா வந்துடும்” என்றார். விடிகாலை மூன்றுக்கு, வீட்டுக்கு வந்து ஊசி போடுகிறவர் ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் உள்ளே பார்க்கவில்லை, வயிற்றைத் தடவிவிட்டு ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் மின்னி ஒரு சத்தம் போட்டது. நாய் போடுகிற சத்தம் இல்லை அது. ஆறு மணிக்கு ஆபரேஷன் மேஜையில் திறந்து பார்த்தபோது முதல் குட்டி இடுப்பு எலும்பில் தலை சிக்கிக் கிடந்தது, பின்னால் இருந்த மூன்றும் நஞ்சு பிரிந்து செத்திருந்தன. கர்ப்பப்பை கிழிந்திருந்ததால் அதையும் எடுத்துவிட்டார்கள். மின்னி அதற்குப் பிறகு 9 வருடம் இருந்தது. குட்டி பிழைக்கவில்லை, ஒன்றுகூட.

வழி அடைத்திருக்கும்போது அந்த ஊசி, மூடிய கதவின் மேல் கூட்டத்தைத் தள்ளுவது மாதிரி. அடைப்பு இல்லை என்று பார்த்துச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும், அளவைச் சொல்லவும் அவர்தான் வேண்டும்.

பக், ஃபிரெஞ்ச் புல்டாக், பாஸ்டன் டெரியர், சிவாவா வைத்திருப்பவர்கள் இந்த 30 நிமிடத்தையும் முழுதாகக் கரைக்க வேண்டாம். குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல். 60ஆம் நாளுக்கு முன்பே டாக்டரோடு பேசி, திட்டமிட்ட ஆபரேஷனா என்று முடிவு செய்துகொள்வது நல்லது. பெர்சியன் பூனைக்கும் தலைப் பிரச்சினை உண்டு.

## குட்டி பாதி வெளியே, பாதி உள்ளே

எந்தப் பகுதி தெரிகிறது என்று பாருங்கள். மூக்கும் முன்கால்களும் என்றால் நேர் வரத்து. இரண்டு பின்கால்களும் வாலும் என்றாலும் பயப்படாதீர்கள், நாயில் பத்துக்கு நாலு குட்டி அப்படித்தான் வரும். வால் மட்டும் தெரிகிறது, கால் இல்லை என்றால் குட்டி உட்கார்ந்த நிலையில் கிடக்கிறது. தலை மட்டும் வந்து தோள் வரவில்லை, ஒரு கால் மட்டும் நீட்டியிருக்கிறது என்பதும் சிக்கல். இவற்றைத் தொடாமல் கிளம்புங்கள்.

நேராக வந்து பாதியில் நின்ற குட்டிக்கு மட்டும் நீங்கள் உதவலாம். கையுறை போட்டு, வாசலைச் சுற்றி ஜெல் தாராளமாகத் தடவுங்கள். குட்டி மீன் மாதிரி வழுக்கும், காய்ந்த வேட்டித் துண்டால்தான் பிடி கிடைக்கும். ஒரு காலையோ வாலையோ தலையையோ பிடித்து இழுக்கக் கூடாது. தோளுக்குப் பின்னால், அல்லது இடுப்பைச் சுற்றி, இரண்டு விரலால் முழு உடம்பையும் பிடியுங்கள். தாய் முக்கும்போது மட்டும் இழுங்கள், நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள், பிடியை விடாதீர்கள். இழுக்கும் திசை நேர் பின்னால் இல்லை. தாய் நின்றிருந்தால் கீழ்நோக்கி, பின்னங்கால்களுக்கு நடுவே வயிற்றுப் பக்கமாக வளைத்து. கொஞ்சம் இடதும் வலதுமாகச் சாய்த்தால் தோள் ஒவ்வொன்றாகக் கழலும்.

ஐந்து நிமிடம். அதற்குள் வரவில்லை என்றால் அப்படியே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பின்கால் முதலில் வந்து தலை உள்ளே மாட்டிய குட்டிக்கு அந்த ஐந்து நிமிடமே அதிகம். தொப்புள்கொடி அழுந்தி மூச்சுக்குத் தவிக்கும்.

## பச்சையாக நீர் வடிகிறது, குட்டி இன்னும் வரவில்லை

நாய் என்றால், முதல் குட்டிக்கு முன்னால் கரும்பச்சை நீர் வந்தால் ஒரு குட்டியின் நஞ்சாவது பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் குட்டிக்கு ஆக்ஸிஜன் நின்றுகொண்டிருக்கிறது. போனில் டாக்டரிடம் ‘பச்சை’ என்ற வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறுங்கள். வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. ஒரு குட்டி வந்த பிறகு பச்சை வடிந்தால் அது சாதாரணம்.

கண்ணாடி மாதிரித் தெளிந்த நீர் என்றால் தண்ணிக்குடம் உடைந்தது, மணி எழுதுங்கள். பூனைக்கு வடிகிற நீர் பெரும்பாலும் செம்பழுப்பாக இருக்கும். சிவப்பு ரத்தம் சொட்டுச் சொட்டாக நில்லாமல் விழுந்தால், நாயானாலும் பூனையானாலும், உடனே போக வேண்டும்.

## ஒன்றிரண்டு போட்டது, அப்புறம் நின்றுவிட்டது

### நாய் என்றால்

எக்ஸ்ரே எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை முடிந்திருந்தால் கவலை இல்லை. பாக்கி இருந்தால், தாய் நிம்மதியாகப் படுத்துப் பால் கொடுத்தால் 2 மணி நேரம் வரை காத்திருக்கலாம். குட்டிகள் பால் குடிப்பதே வலியைத் தூண்டும், அதனால் பிறந்ததைப் பிரித்து வைக்காதீர்கள். வெளியே நடத்துங்கள். வெந்நீரில் குளுக்கோஸ் கரைத்து ஆறவைத்துக் கொஞ்சம் கொடுங்கள். 2 மணி நேரம் தாண்டியும் அடுத்தது வரவில்லை என்றால் போன், துவண்டிருந்தால் அதற்கும் முன்பே. இடையில் பலமாக முக்க ஆரம்பித்தால் மறுபடி அந்த 30 நிமிடக் கணக்குத்தான்.

முதல் குட்டி பெரிதாக வந்து, அதிலேயே தாயின் பலமெல்லாம் போய்விட்டிருக்கும். சின்ன நாய்களில் இது நிறைய. அந்தக் களைப்புக்குப் பிறகு வலி தானாகத் திரும்புவது அபூர்வம்.

### பூனை என்றால்

பூனைக்கு ஒரு விசேஷம் உண்டு. இரண்டு குட்டி போட்டுவிட்டு, நக்கி, பால் கொடுத்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, ஒரு நாள் கழித்து மீதியைப் போடும். தாய் தெம்பாக, முக்கல் இல்லாமல், வாடை இல்லாமல் இருந்தால் 24 மணி நேரம் வரை நான் பார்ப்பேன், ஆனால் டாக்டருக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான்.

பூனை நிற்பதற்கு இன்னொரு காரணம் நாம்தான். போன வருடம் கொளத்தூரில் ஒரு வீட்டில் சொந்தக்காரப் பிள்ளைகள் ஆறேழு பேர் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வலி நின்று மூன்று மணி நேரம். பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே துண்டு போர்த்தி, கதவைச் சாத்தி எல்லாரையும் கூடத்துக்கு அனுப்பினோம். முக்கால் மணி நேரத்தில் அடுத்த குட்டி வந்தது. பெட்டியை மட்டும் இடம் மாற்றாதீர்கள்.

## குட்டி வந்தது, மூச்சு இல்லை

தாய்க்கு ஒரு நிமிடம் கொடுங்கள். பையைக் கிழித்து நக்கவில்லை என்றால் நீங்கள் கிழியுங்கள், மூக்குப் பக்கத்திலிருந்து. நாக்கு வெளிர்நீலமாக, உடம்பு துவண்ட துணி மாதிரி இருக்கும். பயந்து நின்றுவிடாதீர்கள்.

தலையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, வாயைத் துடைத்து, ரப்பர் பல்பை அமுக்கிக்கொண்டு குட்டியின் வாயில் வைத்து, அமுக்கிய பிடியை விடுங்கள், உள்ளே இருப்பதை அது உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் மூக்கில். பிறகு துண்டில் வைத்து முதுகையும் விலாவையும் தாய் நாக்கு தேய்ப்பதுபோல நன்றாகத் தேயுங்கள். ஈரமானால் துண்டை மாற்றுங்கள். குட்டியைத் தலைகீழாக வீசிச் சுழற்றும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. மூளையில் ரத்தம் கசியும், வேண்டாம்.

விரலை நெஞ்சில் வைத்துப் பாருங்கள். துடிப்பு இருந்து மூச்சு மட்டும் இல்லை என்றால், மூக்கும் வாயும் சேர்ந்து உங்கள் வாய்க்குள் வரும்படி வைத்து, கன்னத்தில் இருக்கும் காற்றளவு மட்டும் மெல்ல ஊதுங்கள். நெஞ்சு லேசாக உயர்ந்தால் போதும். துடிப்பே இல்லை என்றால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நெஞ்சை வைத்து, விநாடிக்கு இரண்டு தடவை மென்மையாக அமுக்குங்கள். 15, 20 நிமிடம் விடாதீர்கள். சென்ற தை மாதம் ஒரு ஷிட்சு குட்டி, தாளில் எழுதியிருக்கிறது, 11ஆவது நிமிடத்தில் மூச்சு விட்டது. முதலில் தும்மல் மாதிரி ஒரு சின்னச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொன்று. மூன்றாவதுக்குப் பிறகு நாக்கு நுனியில் ரோஜா நிறம் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

மூச்சு வந்த பிறகு தொப்புள்கொடி: வயிற்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நூலால் கட்டி, கட்டுக்கு அந்தப்பக்கம் வெட்டி, பீட்டாடின் தொடுங்கள். வாயைத் திறந்து மேல் அண்ணம் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். எடை போட்டு எழுதுங்கள். முதல் நாளில் லேசாகக் குறைவது உண்டு, பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் டாக்டர் பார்க்க வேண்டும்.

சூடு விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் தவறுவது இரண்டு பக்கமும். முதல் வாரம் பெட்டிக்குள் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வேண்டும். மார்கழியிலோ ஏசி அறையிலோ என்றால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலோ, உயரத்தில் 60 வாட் பல்போ வையுங்கள், பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும். அக்னி நட்சத்திரத்தில் மதியம் அறையே 35 இருக்கும்போது பல்ப் போட்டால் குட்டி வெந்துவிடும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர், தனித்தனியாக நீட்டிப் படுத்தால் சூடு. சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊட்டாதீர்கள், செரிக்காது. உடம்போடு அணைத்துச் சூடேற்றிய பிறகு சீம்பாலுக்கு விடுங்கள். முதல் 12 மணி நேரத்துக்குள் அது வயிற்றில் போயாக வேண்டும்.

## நஞ்சு, ரத்தம், நாற்றம்

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சு, பொதுவாகக் கால் மணி நேரத்துக்குள் விழும். சில சமயம் இரண்டு குட்டி வந்த பிறகு இரண்டும் சேர்ந்து வரும். தாய் தின்றுவிடும், அதற்கு முன் எண்ணுங்கள். ஒன்றிரண்டு தின்னட்டும், அதிகமானால் வயிற்றால் போகும். எண்ணிக்கை குறைந்தால் கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள், மறுநாள் டாக்டரிடம் காட்டுங்கள்.

குட்டி போட்ட நாய்க்குப் பச்சையாகத் தொடங்கிச் செம்பழுப்பாக மாறி மூன்று வாரம் வரை கொஞ்சம் வடியும். அதில் கெட்ட வாடை வந்தால், வெப்பம் 103 தாண்டினால், தாய் குட்டிகளை ஒதுக்கினால் உள்ளே நஞ்சோ குட்டியோ தங்கிப் புண்ணாகியிருக்கிறது. அன்றைக்கே போக வேண்டும். மடியில் ஒரு முலை மட்டும் சூடாக, கல்லாக, பால் நிறம் மாறி இருந்தாலும் அப்படித்தான்.

## இரண்டு மூன்று வாரம் கழித்துத் தாய் நடுங்குகிறது

பிரசவம் நல்லபடியாக முடிந்து எல்லாரும் தைரியமாக இருக்கும்போது வருவது இது. பாமரேனியன், சிவாவா, ஷிட்சு மாதிரிச் சின்னத் தாய், நாலைந்து கொழுத்த குட்டிகள். காலையில் காரணமில்லாமல் இரைக்கும், முகத்தைத் தேய்க்கும், குட்டிகளிடம் உட்காராது. மதியத்துக்குள் கால் விறைத்து மரக்குதிரை மாதிரி நடக்கும், உடம்பு உதறும், வெப்பம் 105, 106 என்று ஏறும். அப்புறம் இழுப்பு, அதாவது வலிப்பு. பால் வழியாகக் கால்சியம் வடிந்து ரத்தத்தில் குறைந்துவிட்டது. சில மணி நேரத்தில் உயிர் போகும்.

குட்டிகளை உடனே பிரியுங்கள். ஈரத்துணி போர்த்தி, எந்த மணியாக இருந்தாலும் கிளம்புங்கள். வாயில் கால்சியம் சிரப் ஊற்றாதீர்கள், இழுப்பில் மூச்சுக்குழாயில் போய்விடும். டாக்டர் நரம்பு வழியாக, இதயத்தைக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஏற்றுவார். ஏறிக்கொண்டிருக்கும்போதே நடுக்கம் அடங்குவதைப் பார்க்கலாம்.

இதற்கு ஒரு காரணம் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் நல்லெண்ணத்தில் நடக்கிறது. சினையாக இருக்கும்போதே தினம் இரண்டு வேளை கால்சியம் சிரப். அப்படிக் கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடும், பால் சுரக்கும்போது திடீரென்று தேவை வந்தால் எடுக்கத் தெரியாது. சினைக்காலத்தில் நல்ல குட்டித் தீவனம் போதும். பிரசவத்துக்குப் பிறகு வேண்டுமா, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பாசத்தில் குட்டிகளை மடியில் விட்டுவிடாதீர்கள். குறைந்தது 24 மணி நேரம் நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால் மாவைக் கரைத்து நீங்கள்தான் ஊட்ட வேண்டும். பசும்பால் வேண்டாம். மூன்று வாரம் தாண்டிய குட்டிகள் என்றால் அப்படியே கூழுக்குப் பழக்கிவிடலாம். நடுக்கம் அன்று ராத்திரியே திரும்பலாம். தாயின் பக்கத்தில் படுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பம் பார்த்து, அந்தக் காலண்டர் தாளிலேயே கீழே எழுதிக்கொண்டே வாருங்கள்.